கைக்குழந்தைக்கு மூக்கடைப்பு: பால் குடிக்க வழி விட்டால் போதும்

மண்டபம் பக்கம் வாடை எழும்பிவிட்டால், வடகடலில் கிடக்கிற போட்டுகளைத் தென்கடல் பக்கம் கொண்டுபோய்க் கட்டுவார்கள். அந்த ஐப்பசி, கார்த்திகை மாதங்களில்தான் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பிள்ளைகளுக்கு மூக்கு ஒழுக ஆரம்பிக்கும். போன வாடையில் மூத்தவன் எல்கேஜியிலிருந்து கொண்டுவந்த சளி, பின்னாலேயே கைக்குழந்தைக்கும் ஒட்டிக்கொண்டது. அவளுக்கு அப்போது இரண்டு மாதம் முடிந்திருந்தது.

பெரியவன் சட்டைக் கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு விளையாடப் போய்விடுவான். சின்னவளுக்கு அப்படி இல்லை. மார்பில் வாய் வைப்பாள், நாலு மடக்கு குடிப்பாள், மூச்சு முட்டி வாயை எடுத்துவிட்டு வீறிட்டு அழுவாள். பசி அடங்காததால் திரும்பவும் வாய் வைப்பாள், திரும்பவும் அதே கதை. முதல் சில மாதங்களில் குழந்தைகள் பெரும்பாலும் மூக்கு வழியாகத்தான் மூச்சு விடுகிறார்கள். வாயால் மூச்சு விடும் பழக்கம் அவர்களுக்கு இன்னும் சரியாக வந்திருக்காது. பால் குடிக்கும்போது வாயும் அடைபட்டுவிடுகிறது. மூக்குத் துவாரமோ மிளகு அளவுதான். உள்ளே லேசாக வீங்கி, கொஞ்சம் சளி சேர்ந்தாலே போதும், வழி மூடிவிடும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்த டாக்டரம்மா முதலில் கேட்டது சளியைப் பற்றி இல்லை. "எவ்வளவு பால் குடிக்கிறா? ஒண்ணுக்கு எத்தனை தடவை போறா?" என்றுதான் கேட்டார். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்துவிட்டு, "நெஞ்சு சுத்தமா இருக்கு, அடைப்பு மூக்குலதான். சளி முழுசா போகணும்னு பாக்காதீங்க. பால் குடிக்கிற நேரத்துக்கும் தூங்குற நேரத்துக்கும் மூக்கு திறந்தா போதும்" என்றார். எனக்கு அந்த ஒரு வார்த்தையில் பாதி பாரம் குறைந்துவிட்டது. சாதாரணச் சளிக்குக் காரணம் வைரஸ். அது ஒரு வாரம், பத்து நாள் இருந்துவிட்டுத் தானாகத்தான் போகும். சில குழந்தைகளுக்கு இரண்டு வாரம்கூட இழுக்கும். நடுவில் சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினாலும், நிறத்தை மட்டும் வைத்து ஆன்டிபயாடிக் தேவை என்று சொல்லிவிட முடியாது.

அவர் எழுதிக் கொடுத்தது மூக்கில் விடும் உப்புத்தண்ணீர் சொட்டு மருந்து ஒன்றுதான். மெடிக்கலில் 'சலைன் நேசல் டிராப்ஸ்' என்று கேட்டால் கொடுப்பார்கள். பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் சோடியம் குளோரைடு 0.65 சதவீதம் என்று இருக்கும். வேறு மருந்து எதுவும் கலக்காததுதானா என்று பார்த்து வாங்குங்கள். பெரியவர்கள் போட்டுக்கொள்ளும் மூக்கடைப்பு சொட்டு மருந்துகளும் பார்க்க இதே மாதிரி சின்ன பாட்டிலில்தான் வரும். அவற்றில் சைலோமெட்டாசொலின், ஆக்சிமெட்டாசொலின் மாதிரி மருந்துகள் இருக்கும். நமக்கு உடனே மூக்கு திறக்கும், ஆனால் கைக்குழந்தைக்கு அது ஆபத்து. அலமாரியில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் ராத்திரித் தூக்கக் கலக்கத்தில் கை மாறிவிடும். என் வீட்டுக்காரரின் பாட்டிலை சமையலறைப் பரணுக்கு மாற்றிவிட்டேன்.

இந்த உப்புத்தண்ணீர் பாட்டிலைப் பார்த்ததும் அப்பத்தாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏத்தா, கடலைச் சுத்தி வச்சுக்கிட்டு உப்புத்தண்ணியைக் காசு குடுத்து வாங்கியாந்திருக்க?" என்றார். வாலிநோக்கம் பக்கம் உப்பளம் வைத்திருக்கிற மாவட்டத்தில் அது நியாயமான கேள்விதான். ஆனால் கடல் தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவுக்கு உப்பு இருக்கிறது. இந்தச் சொட்டு மருந்தில் இருப்பது லிட்டருக்கு ஆறரை கிராம். ஐந்து மடங்குக்கும் மேல் வித்தியாசம். கடல் தண்ணீர் அந்தப் பிஞ்சு மூக்கை எரித்துவிடும், கிருமிக்கும் குறைவிருக்காது. வீட்டுக் கிணற்றுத் தண்ணீரும் உவர்தான், அதில் என்னென்ன கரைந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? கல்லுப்பைக் கரைத்து வீட்டிலேயே தயாரிக்கலாமே என்று நாத்தனார் கேட்டார். நம் கைக்கு உப்பின் அளவு ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வராது. இவ்வளவு சின்னக் குழந்தைக்குச் சுத்தமாக மூடி வந்த பாட்டில்தான் நல்லது. திறந்த தேதியை அதன் மேலேயே பேனாவால் எழுதிவைத்து, அட்டையில் சொன்ன கெடு தாண்டினால் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

போடும் விதம் சொல்கிறேன், ஏனென்றால் முக்கால்வாசி சிரமம் அதில்தான். பழைய பருத்திச் சேலைத் துண்டில் கைகளை உள்ளே வைத்துக் குழந்தையைச் சுற்றிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் சரியாகச் சொட்டு விடும் நேரத்தில் கை வந்து பாட்டிலைத் தட்டும். காலை நீட்டி உட்கார்ந்து, தலை முழங்கால் பக்கம் இருக்கிற மாதிரி மடியில் மல்லாக்கப் படுக்க வைத்தால், தலை தானாகக் கொஞ்சம் பின்னால் சாய்ந்துகொள்ளும். பாட்டில் முனை மூக்கில் படக்கூடாது. ஒரு துவாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு சொட்டு. வாடைக் காலத்தில் பாட்டில் ஜில்லென்று இருக்கும், உள்ளங்கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு விட்டால் குழந்தை அவ்வளவு திமிறாது. விட்டதும் முகத்தைச் சுளிக்கும், ஒரு தும்மல் வரும். பல நேரம் அந்தத் தும்மலிலேயே வேலை முடிந்துவிடும். துவார ஓரத்தில் காய்ந்து ஒட்டியிருந்த பொருக்கு ஊறி வெளியே வந்து நிற்கும், அதை மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தால் போதும். பட்ஸ் குச்சியை உள்ளே விடவே வேண்டாம்.

தும்மலில் வராவிட்டால் அரை நிமிஷம், ஒரு நிமிஷம் பொறுத்து, சளியை உறிஞ்சுகிற ரப்பர் குமிழ் பம்ப் வைத்து எடுக்கலாம். இதில் ஒரு முறை இருக்கிறது. முதலில் குமிழை வெளியிலேயே அமுக்கிக் காற்றை வெளியேற்ற வேண்டும். அமுக்கிய படியே முனையைத் துவாரத்தின் வாசலில் மட்டும் வைத்து, பிடியை மெதுவாகத் தளர்த்த வேண்டும். மூக்கில் வைத்த பிறகு அமுக்கினால் காற்று உள்ளே போய் சளியையும் உள்ளே தள்ளிவிடும். ஆழமாக விடக்கூடாது, ஒரு நாளைக்கு மூன்று, நான்கு தடவைக்கு மேல் உறிஞ்சவும் கூடாது. சும்மா சும்மா உறிஞ்சினால் உள்தோல் வீங்கி அடைப்பு இன்னும் கூடும், சிலருக்கு ரத்தமும் எட்டிப் பார்க்கும். பால் கொடுப்பதற்குக் கால் மணி நேரம் முன்னால், அப்புறம் தூங்கப் போடும் முன்னால், அவ்வளவுதான் என் கணக்கு. பால் குடித்த பிறகு மூக்கில் கை வைத்தால் குடித்ததெல்லாம் வெளியே வந்துவிடும்.

மூத்தவனுக்கு வாங்கிய பம்ப் பெட்டியில் அப்படியே இருந்தது. பார்க்கப் புதுசு மாதிரிதான். கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டிப் பார்த்தேன். உள்ளே சுவர் முழுக்கக் கருப்புப் புள்ளி, பூசணம். நம்ம ஊர் ஈரக்காற்றில் குமிழுக்குள் போன தண்ணீர் லேசில் காயாது. ஒவ்வொரு தடவையும் சோப்புத் தண்ணீரை உறிஞ்சி, நல்ல தண்ணீரில் அலசி, பிழிந்து, முனை கீழே பார்க்க நிறுத்தி வைக்க வேண்டும். இரண்டாகக் கழற்றிக் கழுவுகிற மாதிரி கிடைத்தால் அதை வாங்குங்கள். அண்ணன் பிள்ளைக்கு வாங்கியதைத் தம்பி பிள்ளைக்கு எடுத்து வைக்கிற சாமான் இல்லை இது.

மூக்கு திறந்த பிறகு பால். அடைப்பு இருக்கும் நாட்களில் வழக்கமான அளவை ஒரே மூச்சில் குடிக்க மாட்டார்கள். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுத்தேன். குழந்தையைப் படுக்கை வாட்டில் பிடிக்காமல், தலை உயர்ந்திருக்கிற மாதிரி நிமிர்த்திப் பிடித்தால் எளிதாகக் குடித்தாள். ஒரு ராத்திரி மார்பிலேயே பிடிக்கவில்லை. பாலைப் பீய்ச்சி, பாலாடை என்கிற சின்னச் சங்கில் புகட்டினேன். பாலாடை நம் எல்லோர் வீட்டிலும் இருக்கும், ஆனால் மல்லாக்கக் கிடத்தி மூக்கைப் பிடித்து ஊற்றுகிற பழக்கமும் கூடவே இருக்கிறது. மூக்கடைத்த குழந்தைக்கு அப்படி ஊற்றினால் பால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். உட்கார்த்தி வைத்து, உதட்டில் படுகிற மாதிரி சாய்த்து, அவள் நக்கி விழுங்கிய பிறகுதான் அடுத்தது. நேரம் ஆகும், ஆகட்டும்.

தூக்கம்தான் அடுத்த சண்டை. தலையணை வைத்து உயர்த்தினால் சளி இறங்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். கைக்குழந்தைக்குத் தலையணை கூடாது. கழுத்து மடங்கினால் தாடை நெஞ்சில் முட்டி, இருக்கிற வழியும் அடைபடும். சேலைத் தொட்டிலிலும் குழந்தை வில்லாக வளைந்துதான் கிடக்கும். சளி இருந்த நாட்களில் தொட்டிலை அவிழ்த்துவிட்டுச் சமமான விரிப்பில் மல்லாக்கப் படுக்க வைத்தேன். முழித்திருக்கிற நேரத்தில் தோளில் சாய்த்து நிமிர்த்தி வைத்துக்கொண்டு நடந்தால் மூக்கு கொஞ்சம் இளகும். என் வீட்டுக்காரர் கடலுக்குப் போகாத நாளெல்லாம் அந்த வேலை அவருடையது. காதை மூடிக் குல்லா, மேலே சால்வை, அதற்கு மேல் கம்பளி என்று பொதிவதும் வேண்டாம். நமக்கு ஒரு உடுப்பு என்றால் அதற்கு இன்னும் ஒன்று கூட, போதும்.

ஃபோனில் ஒரு தடவை சளி என்று தேடிவிட்டால், காற்றை ஈரமாக்கும் மிஷின் விளம்பரம் விடாமல் துரத்தும். உப்பு ஜாடி தானாகக் கசிந்து நிற்கிற ஊரில் காற்றை இன்னும் ஈரமாக்க மிஷின் எதற்கு? மழை மாதத்தில் எங்கள் வீட்டுச் சுவரே பூத்துப்போய்க் கிடக்கும். வெயில் அடித்த நேரம் ஜன்னலைத் திறந்து வைத்ததும், ஈரத்துணிக் கொடியை அந்த அறையிலிருந்து எடுத்ததும்தான் எங்களுக்கு உதவியது. இங்கே பிரச்சினை புகைதான். சீமைக்கருவை விறகு அடுப்பு, கொசுவர்த்தி, பீடி, சாயங்காலம் தலை துவட்டியதும் போடுகிற சாம்பிராணி, தெருக்கோடிக் கரிமூட்டத்திலிருந்து இரவில் இறங்குகிற புகை. ஏற்கெனவே வீங்கியிருக்கும் மூக்குக்கு இது ஒவ்வொன்றும் எரிச்சல். சாம்பிராணியில் அப்பத்தா கடைசி வரை விட்டுக்கொடுக்கவில்லை. சாமி மாடத்துக்கு மட்டும், அதுவும் குழந்தையை வேறு அறையில் வைத்துக்கொண்டு, என்று ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். கொசுவர்த்தியை விட்டு வலைக்கு மாறினோம். ஆவி பிடிக்க வைப்பது பற்றிப் பேச்சே வேண்டாம். கொதிதண்ணீர்ப் பாத்திரமும் குழந்தையும் ஒரே போர்வைக்குள் இருக்கக்கூடாது.

இனி, பூசுவதும் விடுவதும். தேங்காய் எண்ணெயைச் சூடாக்கிக் கற்பூரம் போட்டு நெஞ்சிலும் முதுகிலும் தேய்ப்பது எங்கள் பக்கம் கேள்வி கேட்காமல் செய்கிற வைத்தியம். கற்பூரம் கைக்குழந்தைக்கு விஷம். கொஞ்சம் வாய்க்குள் போனாலே வலிப்பு வரலாம், தோல் வழியாகவும் உள்ளே ஏறும். டப்பாவில் வருகிற தைலங்களும் அப்படித்தான். விக்ஸ் வேபோரப் இரண்டு வயதுக்குள் போடக்கூடாது என்று அட்டையிலேயே இருக்கிறது, யாரும் படிப்பதில்லை. கற்பூரம், மென்தால் வாசனை மூக்குக்குப் பக்கத்தில் வந்தால் சின்னக் குழந்தைக்கு மூச்சே ஒரு நொடி தடைபடலாம். நீலகிரித் தைலத்தைக் கைக்குட்டையில் தெளித்துத் தொட்டிலில் கட்டுவதும் வேண்டாம்.

குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவதும், வாய் வைத்து ஊதுவதும், தொண்டைக்குள் விரல் விட்டுக் கோழை எடுப்பதும் இன்னொரு வகை. எண்ணெய் மூக்கு வழியாக நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா மாதிரி வந்து ஆளையே படுக்க வைத்துவிடும். விரல் விட்டால் தொண்டை கிழியும், கிருமியும் போகும். தாய்ப்பாலை மூக்கில் பீய்ச்சச் சொல்லவும் பக்கத்து வீட்டில் ஆள் இருந்தார்கள். பால் வயிற்றுக்குப் போகட்டும், மூக்குக்கு உப்புத்தண்ணீர் இருக்கிறது. தேன் ஒரு வயது வரை நாக்கில்கூடத் தடவக்கூடாது. கற்பூரவள்ளிச் சாறு, துளசிச் சாறு, உரசி வைக்கிற வசம்பு எல்லாம் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்ற கணக்கிலேயே அடிபட்டுப் போய்விடும்.

இதையெல்லாம் அப்பத்தாவிடம் எப்படிச் சொல்வது? எட்டுப் பிள்ளை வளர்த்த கை அது. நான் நேரடியாக வாதாடவில்லை, அடுத்த தடவை அவரையும் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். டாக்டரம்மா அவரிடமே, "ஆத்தா, நீங்கதான் கூட இருந்து பாத்துக்கணும், எண்ணெய் மட்டும் மூக்குல வேண்டாம்" என்றார். பொறுப்பைக் கையில் கொடுத்ததும் அப்பத்தா பக்கம் மாறிவிட்டது. முத்தம் கொடுக்க வந்த சொந்தக்காரர்களையெல்லாம் கை கழுவ விரட்டியது அவர்தான். எனக்குச் சுக்குமல்லிக் காப்பியும் மிளகு ரசமும் நேரம் தவறாமல் வந்தது. அது பெற்றவளுக்குத் தெம்பு, குழந்தைக்குக் கெடுதல் இல்லை. ஆனால் நான் தலைக்குக் குளித்ததால்தான், நண்டு தின்றதால்தான் பிள்ளைக்குச் சளி பிடித்தது என்பதை மட்டும் அவர் விடவில்லை. எல்கேஜிக்காரன் அதைக் கேட்டுக்கொண்டே தங்கையின் கன்னத்தில் மூக்கைத் தேய்த்துக்கொண்டிருப்பான்.

சளி சிரப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். மெடிக்கலில் "இரண்டு மாசக் குழந்தைக்கு சளி" என்று சொன்னாலே ஒரு பாட்டிலை எடுத்து நீட்டுகிற கடைகள் இருக்கின்றன. குளோர்பெனிரமைனும் பினைல்எஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்குக் கீழே கொடுக்கக்கூடாது என்று அட்டையில் அச்சிட வேண்டும் என 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது. 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், மத்தியப் பிரதேசத்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷப்பொருள் கலந்த இருமல் மருந்தைக் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்த மருந்து தயாரானது தமிழ்நாட்டில். இரண்டு வயதுக்குக் கீழே இருமல், சளி மருந்து எழுதவோ கொடுக்கவோ வேண்டாம் என்று மத்திய சுகாதாரத் துறை அப்போது அறிவுறுத்தியது. கலப்படம் இல்லாத சிரப்பானாலும், இந்த வயதில் அது மூக்கடைப்பைத் தீர்க்காது, மயக்கத்தைத்தான் கொடுக்கும். மயங்கிக் கிடக்கிற குழந்தை பால் குடிக்காது. மூத்தவனுக்கு வாங்கிப் பாதி மிச்சமிருந்த பாட்டிலை அன்றைக்கே கழித்துவிட்டேன்.

வீட்டில் பார்த்துக்கொள்ளலாமா, ஓட வேண்டுமா என்பதற்கு மூச்சை எண்ணுவதுதான் எனக்குக் கைகொடுத்தது. குழந்தை அழாமல், பால் குடிக்காமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை ஃபோனில் ஒரு முழு நிமிஷம் வைத்து எண்ண வேண்டும். பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்குவது இங்கே ஆகாது. கைக்குழந்தைகள் சில நேரம் வேகமாக மூச்சு விட்டு, சில நொடி நிறுத்தி, மறுபடி விடுவார்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிமிஷத்துக்கு 60-ம் அதற்கு மேலும், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50-ம் அதற்கு மேலும் இருந்தால் அது வேக மூச்சு. மூக்கில் கொர் கொர் என்ற சத்தம் மட்டும் பெரிதாக இருந்து, எண்ணிக்கை சரியாக இருந்து, பாலும் குடித்து, துணியும் வழக்கம்போல நனைந்தால், சத்தத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

வேக மூச்சு தவிர, மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுவது, மூக்கு மடல் விரிவது, முனகல், வழக்கமான பாலில் பாதிகூடக் குடிக்காமல் இருப்பது, எழுப்பினாலும் துவண்டு கிடப்பது, இதில் எது தெரிந்தாலும் விடியட்டும் என்று இருக்கக்கூடாது. உதடோ நாக்கோ நீலம் பூத்தாலும், மூச்சு 20 நொடி நின்றாலும் 108-தான். மூன்று மாதத்துக்குள் 100.4 டிகிரி காய்ச்சல் இருந்தால் அதுவும் உடனே போக வேண்டியதே. நாங்கள் இருக்கிற இடத்திலிருந்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக நேரம் பிடிக்கும். பாம்பன் பாலத்துக்கு அந்தப் பக்கம் தீவில் இருப்பவர்களுக்கு இன்னும் கூட. அதனால் சாயங்காலமே எண்ணிப் பார்த்து, சந்தேகம் இருந்தால் இருட்டும் முன்னால் கிளம்பிவிடுவது நல்லது. சளி ஆரம்பித்து மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை மூச்சுத் தொல்லை கூடுகிற வைரஸ்களும் உண்டு. முதல் நாள் பார்த்த டாக்டர் நெஞ்சு சுத்தம் என்று சொன்னதை வைத்து நாலாம் நாள் சும்மா இருந்துவிட வேண்டாம்.

கிளம்பும்போது தாய் சேய் நல அட்டையைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாகப் பார்த்த எடை அதில் இருக்கும், மருந்தெல்லாம் எடைக்குத்தான் கொடுப்பார்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் எழுதிக் கொடுத்தால், சொட்டு மருந்தா சிரப்பா என்று கேட்டு, எத்தனை மில்லி என்று அட்டையிலேயே எழுதி வாங்குங்கள். சொட்டு மருந்தில் பொதுவாக ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் இருக்கும், சிரப்பில் ஐந்து மில்லிக்கு 120 அல்லது 125. சிரப்புக்குச் சொன்ன அளவைச் சொட்டு மருந்தில் கொடுத்தால் நான்கு மடங்கு மருந்து உள்ளே போய்விடும். மூத்தவனின் சிரப் மூடியும் சின்னவளின் சொட்டுக் குழாயும் ஒரே டப்பாவில் கிடக்கிற வீடாக இருந்தால், இரண்டையும் இன்றைக்கே பிரித்து வையுங்கள்.